லினக்ஸ் போட முதல் சிப்பைப் பாருங்கள்

“விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டேன், வைஃபை வரவில்லை” என்று ஒருவர் சொன்னால், லப்டொப்பின் பெயரைக் கேட்டுப் பயனில்லை. டெல் என்பார், ஹெச்பி என்பார். ஒரே மொடலில் ஒரு தொகுதிக்கு இன்டெல் கார்டும் அடுத்த தொகுதிக்கு ரியல்டெக் கார்டும் பூட்டி அனுப்புவது கம்பனிகளின் வழமை. முதலாவது, பென் டிரைவில் எழுப்பிய உடனேயே அயலில் உள்ள எல்லா வைஃபை பெயர்களையும் காட்டும். இரண்டாவதில் வைஃபை சின்னமே இராது. ஆகவே உள்ளே இருக்கும் சிப்பின் இலக்கம் தெரிந்தால்தான் கதையைத் தொடங்கலாம். திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். டவுனில் கிடைக்காத கார்டைக் கொழும்பில், பம்பலப்பிட்டியிலோ புறக்கோட்டையிலோ சொல்லித்தான் எடுப்பிக்க வேண்டும். சரிவராவிட்டால் மாற்றுவதற்கு இன்னொரு நீண்ட பஸ் பயணம். வாங்க முதலே எதைப் பார்ப்பது, வாங்கிய பிறகு மாட்டிக்கொண்டால் எங்கே கை வைப்பது என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு சாதனம் லினக்ஸில் ஓட இரண்டு பொருள் வேண்டும். ஒன்று டிரைவர்: லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலோடு சேர்ந்து ஓடி, சாதனத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது. மற்றது ஃபேர்ம்வெயார்: சாதனத்துக்குள்ளேயே ஓடும் சிறு நிரல். பல சாதனங்கள் இதைத் தம்முள் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை; கணினி எழும்பும் ஒவ்வொரு முறையும் டிரைவர்தான் டிஸ்க்கிலிருந்து எடுத்து ஏற்றிவிட வேண்டும். டிரைவரை வெளியாட்களும் எழுதலாம். கம்பனி ஆவணம் எதுவும் தராத நிலையில், விண்டோஸ் டிரைவர் சாதனத்துக்கு அனுப்புவதைக் கவனித்துக் கவனித்தே எழுதப்பட்ட டிரைவர்களும் கேர்னலில் இருக்கின்றன. ஃபேர்ம்வெயார் அப்படியல்ல. அதைக் கம்பனிதான் தர வேண்டும், பிறர் பகிர்வதற்கு அனுமதியும் தர வேண்டும். நிரல்மூலம் இல்லாத இந்தக் கோப்புகளைத் தன் நிறுவல் வட்டில் சேர்ப்பதில்லை என்று டெபியன் என்ற லினக்ஸ் வகை நீண்ட காலம் பிடிவாதமாக இருந்தது. 2022 இல் வாக்கெடுப்பு வைத்து அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 இலிருந்து நிறுவல் வட்டிலேயே இந்தக் கோப்புகள் இருக்கின்றன. பழைய வட்டு ஒன்றை நண்பரிடம் வாங்கி நிறுவுகிறீர்கள் என்றால் முதலில் அதன் பதிப்பைப் பாருங்கள்.

இந்த இரண்டில் எது இல்லை என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கட்டளை அடிக்கும் சாளரமான டெர்மினலைத் திறந்து ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையை ‘-என்என்கே’ என்ற சேர்க்கையோடு (lspci -nnk) கொடுங்கள். தாய்ப்பலகையில் உள்ள ஒவ்வொரு சாதனமும் பெயரோடு வரும். பெயரின் கடைசியில் சதுர அடைப்புக்குள் நான்கு இலக்கம், முக்காற்புள்ளி, இன்னொரு நான்கு இலக்கம் இருக்கும். முதல் நான்கு, சிப் செய்த கம்பனி: 8086 என்றால் இன்டெல், 1022 அல்லது 1002 என்றால் ஏஎம்டி. இரண்டாவது நான்கு, சிப். இணையத்தில் தேட வேண்டியது இந்த இரண்டு எண்களையும் சேர்த்துத்தான், லப்டொப்பின் பெயரை அல்ல. அதன் கீழே ‘கேர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இருந்தால் டிரைவர் சாதனத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த வரி இல்லை, ‘கேர்னல் மொடியூல்ஸ்’ மட்டும் இருக்கிறது என்றால் டிரைவர் டிஸ்க்கில் இருக்கிறது, ஆனால் சாதனத்தைப் பிடிக்கவில்லை. இரண்டுமே இல்லையென்றால் உங்கள் கேர்னலில் அந்தச் சிப்புக்கு டிரைவரே இல்லை. யூஎஸ்பியில் செருகும் சாதனங்களுக்கு ‘எல்எஸ்யூஎஸ்பி’ (lsusb).

அடுத்து ‘டிமெசேஜ்’ கட்டளையை, நிர்வாகி உரிமை தரும் சூடோவோடு (sudo dmesg) கொடுத்து, வெளிவருவதில் ஃபேர்ம்வெயார் (firmware) என்ற சொல்லைத் தேடுங்கள். ஒரு கோப்பின் பெயரைச் சொல்லி, ஏற்ற முடியவில்லை, பிழை -2 என்று இருந்தால், அந்தக் கோப்பு டிஸ்க்கில் இல்லை என்று அர்த்தம். வேறொன்றும் கெட்டுப்போகவில்லை. டெபியனில் ‘ஃபேர்ம்வெயார்-ரியல்டெக்’ (firmware-realtek), ‘ஃபேர்ம்வெயார்-ஐடபிள்யூஎல்வைஃபை’ (firmware-iwlwifi) போன்ற பொதிகளில் உரியதைப் போட்டு மீள எழுப்பினால் வேலை முடிந்தது. வைஃபை இல்லாமல் பொதியை எப்படி இறக்குவது என்றால், அன்ட்ரொய்ட் போனைக் கேபிளில் செருகி ‘யூஎஸ்பி டெதரிங்’கைப் போடுங்கள். அதற்குத் தனி டிரைவர் தேவையில்லை, லினக்ஸ் அதை ஒரு வயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

எல்எஸ்பிசிஐயில் சாதனத்தின் பெயரே வராவிட்டால் டிரைவரைத் தேடி அலைய வேண்டாம். அது பயோஸில், அதாவது கணினி எழும்ப முதல் திறக்கும் அமைப்புப் பக்கத்தில், அணைக்கப்பட்டிருக்கும், அல்லது கார்டு சரியாகத் தொடவில்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலை அண்டிய வீடுகளில் இருக்கும் கணினிகளில் இந்த இரண்டாவது காரணத்தை முதலில் சந்தேகியுங்கள். உப்புக்காற்றுப் பட்டுக் கார்டின் பொன்னிறப் பற்கள் மங்கி, ஓரத்தில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். சில வேளை சாதனம் தெரியும், சில வேளை தெரியாது. கார்டைக் கழற்றி, மென்மையான அழிறப்பரால் பற்களை ஒரே திசையில் தேய்த்து, ஐசோபுறோப்பைல் அல்ககோலால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு பூட்டுங்கள். பார்மசியில் கிடைக்கும் 70 வீதக் கரைசலில் மீதி தண்ணீர். அதைப் பாவித்தால் உலரக் கூடுதல் நேரம் விடுங்கள்.

இனி வைஃபை. முறைப்பாடுகளில் முக்கால்வாசி இதிலேதான் வரும். பழைய லப்டொப்களில் புரோட்கொம் பிசிஎம் 43142 கண்டால் தயங்குங்கள். அதற்குக் கேர்னலில் டிரைவர் கிடையாது, கம்பனியின் மூடிய ‘டபிள்யூஎல்’ டிரைவரைத்தான் போட வேண்டும். உபுண்டு, மின்ட் என்ற லினக்ஸ் வகைகளில் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ சாளரத்தில் அது தெரியும். ரியல்டெக் ஆர்டிஎல் 8821சிஇ ஒரு காலத்தில் பெரிய தலையிடி, கேர்னல் 5.9 இலிருந்து ‘ஆர்டிடபிள்யூ88’ என்ற டிரைவர் அதைப் பார்த்துக்கொள்கிறது. இணையத்தில் இன்னும் கிடக்கும் பழைய குறிப்புகளைப் பார்த்து வெளி டிரைவரையும் போட்டால் இரண்டும் ஒரே கார்டுக்குச் சண்டை பிடிக்கும், வெளி டிரைவரை நீக்குங்கள். ஆர்டிஎல் 8852பிஇக்கு ஆதரவு வந்தது கேர்னல் 6.2 இல். டெபியன் 12 இன் கேர்னல் 6.1. உபுண்டு 24.04, அதன் மேல் கட்டிய மின்ட் 22 இரண்டும் வெளிவந்தபோது 6.8. ஒரே லப்டொப், ஒரே கார்டு. டெபியன் 12 இல் வைஃபை இல்லை, மின்ட் 22 இல் இருக்கிறது. “லினக்ஸில் ஓடாது” என்று ஒருவர் சொல்வதும் “எனக்கு ஓடுகிறதே” என்று மற்றவர் சொல்வதும் இதனால்தான். இருவர் சொல்வதும் உண்மை. மீடியாடெக்கில் எம்டி 7921 நல்லது, கேர்னல் 5.12 இலிருந்து ஆதரவு உண்டு. பெயரில் அதன் தம்பி போலத் தெரியும் எம்டி 7902 நீண்ட காலம் டிரைவரே இல்லாமல் கிடந்தது. அந்த எண்ணைக் கண்டால் கார்டை மாற்றும் திட்டத்தோடு வாங்குங்கள்.

கேர்னலுக்கு வெளியே இருந்து போடும் டிரைவர்கள் ‘டிகேஎம்எஸ்’ என்ற ஏற்பாட்டில் ஓடும். கேர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்த டிரைவரை உங்கள் கணினியே மீண்டும் கட்டும். கேர்னலின் உள் அமைப்பு கொஞ்சம் மாறினாலும் கட்டுவது தோற்றுப்போகும், காலையில் எழுப்பினால் வைஃபை இல்லை. அப்போது பதற வேண்டாம். கணினி எழும்பும்போது வரும் கிரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ போய் முந்தைய கேர்னலைத் தெரிவு செய்தால் பழையபடி ஓடும். பயோஸில் செக்கியூர் பூட் என்ற பாதுகாப்பைப் போட்டிருந்தால் இன்னொரு தடை: கையொப்பமில்லாத டிரைவரைக் கேர்னல் ஏற்காது, சாவி நிராகரிக்கப்பட்டது என்று பிழை வரும். உபுண்டுவில் டிரைவரைப் போடும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும், அடுத்த முறை எழுப்பும்போது நீலத் திரை வரும். அந்தத் திரையில் ‘என்ரோல் எம்ஓகே’ தெரிவு செய்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பலர் அந்த நீலத் திரையைப் பிழை என்று நினைத்து ‘கன்டினியூ’ அமர்த்திவிடுகிறார்கள், டிரைவர் ஓடாமல் போவது அதனால்.

என் அபிப்பிராயம், வெளி டிரைவரோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டுவதைவிடக் கார்டை மாற்றுவது மேல். 2015 க்குப் பிந்திய லப்டொப்களில் பெரும்பாலும் எம்.2 2230 அளவு, அதாவது 22 மில்லிமீற்றர் அகலம் 30 மில்லிமீற்றர் நீளம், ‘ஏ+ஈ’ வெட்டுக் கொண்ட கார்டு. இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் பொருந்தும். முதலாவதுக்குக் கேர்னல் 5.1, இரண்டாவதுக்கு 5.10 போதும். ஆனால் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று 1 இல் முடிவதை வாங்கிவிடாதீர்கள். பார்வைக்கு ஏறக்குறைய அதே கார்டுதான். உள்ளே பாதி வேலையை இன்டெல் தாய்ப்பலகையின் சிப்செட் செய்யும்படி அமைத்தவை அவை. அதற்கு ஏற்ற இன்டெல் பலகை இல்லாவிட்டால், ஏஎம்டி லப்டொப்பில் ஒருபோதும், அவை எழும்பமாட்டா. 9260 சாதாரணக் கார்டு, 9560 இந்த வகை. கொழும்புக்குப் போன் எடுத்து ஓடர் கொடுக்கும்போது இந்த ஒற்றை இலக்கத்தை இரண்டு தரம் சொல்லி உறுதிப்படுத்துங்கள்.

மாற்றுவது இப்படி: கணினியை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, முதல் வேலையாகப் பற்றரி வயரைத் தாய்ப்பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். கார்டின் மேல் இரண்டு அன்டெனா வயர், பெரும்பாலும் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. எது எங்கே என்று போனில் படம் எடுத்துக்கொண்டு, நகத்தால் நேர் மேலே தூக்குங்கள். பக்கவாட்டில் இழுத்தால் அந்தச் சிறு வளையம் நெளியும், பிறகு பிடிக்காது. ஒரே ஒரு ஸ்குருவைக் கழற்றியதும் கார்டு தானாகச் சரிந்து எழும்பும், அதே சரிவில் வெளியே இழுங்கள். மினி பிசிஐஇ கார்டு உள்ள இன்னும் பழைய லப்டொப்பில் அன்டெனா முனை பெரிது, எம்.2 கார்டில் பூட்டாது. சில பழைய திங்க்பேட், ஹெச்பி லப்டொப்களின் பயோஸ் தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் எழும்பவே மறுக்கும். திங்க்பேடில் 1802 என்ற பிழை எண் வரும். அப்படியான இயந்திரத்துக்கு அந்தக் கம்பனியின் உதிரிப்பாக எண் கொண்ட கார்டுதான் வேண்டும்.

மெல்லிய லப்டொப்களில் கார்டைப் பலகையோடு ஒட்டியிருப்பார்கள். அவற்றுக்கு யூஎஸ்பி டொங்கிள்தான் வழி, அதிலும் பெட்டியின் பெயர் போதாது. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் நல்ல உதாரணம். அதன் முதல் பதிப்பில் அதெரோஸ் ஏஆர் 9271 சிப். அதன் ஃபேர்ம்வெயார்கூடத் திறந்த மூலம், முழுச் சுதந்திர மென்பொருள் மட்டும் பாவிப்போரும் தேடி வாங்கும் சாதனம். இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே ரியல்டெக் ஆர்டிஎல் 8188இயூஎஸ். வெளித்தோற்றமும் பெயரும் மாறவில்லை. ஒட்டியிருக்கும் லேபிளில் ‘வி1’, ‘வி2’ என்று சிறிய எழுத்தில் இருப்பதை வாசித்தால்தான் தெரியும். இன்று புதிதாக வாங்குபவர் மீடியாடெக் எம்டி 7612யூ அல்லது எம்டி 7921ஏயூ சிப் உள்ளதைக் கேளுங்கள். முதலாவதுக்குக் கேர்னல் 4.19 இலிருந்தே டிரைவர் உண்டு. இன்னொன்று: சில ரியல்டெக் டொங்கிள்கள் செருகியதும் தம்மை ஒரு சிடி டிரைவ் என்று காட்டும், உள்ளே விண்டோஸ் டிரைவர் இருக்கும். கோப்பு உலாவியில் அந்த சிடியை ‘இஜெக்ட்’ செய்தால் வைஃபை சாதனமாக மாறிக்கொள்ளும்.

நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்ற முறைப்பாடு 11ஆம் தலைமுறை இன்டெல்லிலிருந்து வந்த லப்டொப்களில் கூடுதல். பயோஸில் ‘விஎம்டி’ அல்லது ‘ஆர்எஸ்டி’, ‘ரெய்ட் ஒன்’ என்று இருக்கும் டிஸ்க் முறையை ஏஎச்சிஐக்கு (AHCI) மாற்ற வேண்டும். ஏசர் சிலவற்றில் அந்தத் தெரிவு ஒளிந்திருக்கும். பயோஸின் ‘மெயின்’ பக்கத்தில் கொன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அமர்த்தினால் வெளிவரும். விண்டோஸையும் வைத்திருக்க விரும்பினால் இதை அவசரப்பட்டு மாற்றாதீர்கள், விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். முதலில் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லொக்கரின் மீட்புச் சாவியை வெளியே எழுதி வையுங்கள். பிறகு விண்டோஸில் ‘எம்எஸ்கொன்ஃபிக்’ (msconfig) திறந்து, ‘பூட்’ பக்கத்தில் ‘சேஃப் பூட்’டுக்குச் சரி போட்டு, மீள எழுப்பி நேரே பயோஸுக்குப் போய் மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் ஒரு தரம் எழும்பிப் புதிய டிரைவரை எடுத்துக்கொள்ளும். அந்தச் சரியை நீக்கிவிட்டு மீள எழுப்பினால் இரண்டும் ஓடும்.

பாவித்த லப்டொப் வாங்கும்போது இவ்வளவையும் கடையில் வைத்தே பார்க்கலாம். 8 ஜிபி பென் டிரைவில் மின்ட் அல்லது உபுண்டுவை எழுதிக் கொண்டுபோங்கள். “அண்ணை, உங்கட விண்டோஸைத் தொடமாட்டன், பென் டிரைவில எழுப்பிப் பார்க்கிறன்” என்று சொன்னால் மறுக்கக் காரணமில்லை. பென் டிரைவிலிருந்து எழுப்ப, கணினியைப் போட்டதும் அமர்த்தும் விசை டெல், லெனோவாவுக்கு எஃப்12, ஹெச்பிக்கு எஃப்9, அசூஸுக்கு எஸ்கேப். எழும்பியதும் வைஃபையை உங்கள் போனின் ஹொட்ஸ்பொட்டோடு இணையுங்கள். ஒலி, மைக், கமரா, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசை, எல்லாம் பாருங்கள். மூடியை மூடி ஒரு நிமிடம் விட்டுத் திறங்கள். நித்திரையிலிருந்து எழும்பாத லப்டொப்பைத் தினமும் பாவிக்க முடியாது. ஒலி அறவே வராவிட்டால் ‘எஸ்ஓஎஃப்’ ஃபேர்ம்வெயார்ப் பொதி விடுபட்டிருக்கலாம், அது தீர்க்கக்கூடியது. விரல்ரேகை வாசிப்பான் ஓடாவிட்டால் அதை மறந்துவிடுவதே நல்லது. லினக்ஸில் விரல்ரேகை வாசிப்பான்களை ஓட்டும் ‘லிப்எஃப்பிரின்ட்’டின் பட்டியலில் இல்லாததை ஓடவைக்க எளிய வழியில்லை. என்விடியா கார்டு விளையாட்டுக்கும் வீடியோ வெட்டவும் தேவைப்படாதவருக்குச் சுமைதான். 900 ஆம் வரிசையிலிருந்து ஃபேர்ம்வெயாருக்குக் கம்பனியின் கையொப்பம் தேவைப்படுவதால் திறந்த ‘நுவோ’ டிரைவரால் 900, 1000 வரிசைக் கார்டுகளின் வேகத்தைக் கூட்ட முடிவதில்லை. இன்டெல், ஏஎம்டியின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் போதும்.

பிரின்டர் விஷயத்தில் நம் ஊரின் கொமினிகேஷன் கடைக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். கெனன் எல்பிபி 2900, ஹெச்பி லேசர்ஜெட் 1020 போன்றவை விலை குறைவாக இருந்ததற்குக் காரணம், பக்கத்தை வரையும் வேலையை அவை செய்வதில்லை. கணினியே பக்கத்தைப் புள்ளிகளாக்கி, கம்பனியின் சொந்த மொழியில் அனுப்ப வேண்டும். 1020 ஃபேர்ம்வெயாரையும் வைத்திருப்பதில்லை. கரண்ட் போய் வந்தால் மறந்துவிடும், ஒவ்வொரு முறையும் ஏற்ற வேண்டும். ஹெச்பியின் ‘எச்பிலிப்’ (hplip) பொதியையும் அதன் பிளகினையும் போட்டால் அது தானாக நடக்கும். எச்பிலிப் புதுப்பிக்கப்பட்ட பிறகு பிரின்டர் சத்தமில்லாமல் நின்றால், பிளகினின் பதிப்பு பிந்திவிட்டது, ‘எச்பி-பிளகின்’ (hp-plugin) கட்டளையை மீண்டும் கொடுங்கள். 2900 இன்னும் முரடு. கெனனின் ‘கெப்ட்’ டிரைவர் இன்டெல் வகைக் கணினிகளுக்கு மட்டும், அதுவும் 32 பிட் நூலகங்களைக் கேட்கும்; ராஸ்பெரி பையில் அதைப் போட முடியாது. ‘கெப்ட்டிரைவர்’ என்ற திறந்த மூல முயற்சி ஒன்று இருக்கிறது, சாதாரண அச்சுக்கு அதை முயலலாம். புதிதாக வாங்குபவர் பெட்டியில் ‘ஏர்பிரின்ட்’ என்ற சொல்லைத் தேடுங்கள். ஐபோனுக்காக ஒட்டிய சொல் அது, ஆனால் அந்தத் திறன் உள்ள பிரின்டர் லினக்ஸின் அச்சு ஏற்பாடான கப்ஸிலும் டிரைவர் இல்லாமலே ஓடும். எப்சன் எல் வரிசை மைத்தாங்கிப் பிரின்டர்களுக்கு ‘எஸ்கேப்பிஆர்’ டிரைவர் தாராளமாகப் போதும்.

பில் அடிக்கும் 80 மில்லிமீற்றர் தேர்மல் பிரின்டர்கள் பெரும்பாலும் ‘இஎஸ்சி-பிஓஎஸ்’ என்ற பொது மொழி பேசுவதால் டிரைவர்ச் சிக்கல் குறைவு. ஆனால் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை. எழுத்தாக அனுப்பினால் கிறுக்கலாக வரும். பில்லைப் படமாக்கி அனுப்ப வேண்டும். கொஞ்சம் மெதுவாக அடிக்கும், ஆனால் “பருப்பு 1 கிலோ” ஒழுங்காக வரும்.

வயர் இணைப்பு இல்லாத மூதூர், கிண்ணியாப் பக்க வீடுகளில் இன்னும் பாவிக்கும் யூஎஸ்பி இன்டர்நெட் டொங்கிள்களும் முதலில் சிடியாகத்தான் தோன்றும். ‘யூஎஸ்பி-மோட்சுவிட்ச்’ பொதி அவற்றைத் தட்டி எழுப்பும். ஹுவாவே இ3372 போன்றவை இரண்டு விதமாக வருகின்றன. ‘ஹைலிங்க்’ வகை தன்னை ஒரு நெட்வேர்க் கார்டாகக் காட்டும், பிரவுசரில் 192.168.8.1 என்று அடித்தால் அதன் பக்கம் திறக்கும், வேறெதுவும் போட வேண்டியதில்லை. ‘ஸ்டிக்’ வகைக்கு ‘மோடம்மனேஜர்’ ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நெட்வேர்க் அமைப்பில் மொபைல் இணைப்பு ஒன்றை உருவாக்கி உங்கள் சிம்முக்குரிய ஏபிஎன் பெயரைக் கொடுக்க வேண்டும். வாங்கும்போது ஹைலிங்க் வகையைக் கேளுங்கள். டொங்கிள் வேறொரு சேவை வழங்குநரின் சிம்முக்குப் பூட்டப்பட்டதா என்பதையும் கடையிலேயே உங்கள் சிம்மைப் போட்டுப் பாருங்கள். அந்தப் பூட்டை எந்த லினக்ஸ் டிரைவரும் திறக்காது.